முழங்கால் சில்லு விலகினால்...

எங்கள் கொழிஞ்சாம்பாறையில் நாம் முழங்கால் சில்லு என்பதை அடுத்த வீட்டு மலையாளிகள் முட்டுச்சிரட்டை என்பார்கள். பெயர் எதுவானாலும் அது இடம் விட்டு விலகும்போது வலி ஒன்றுதான். ஓடியாடும் வயதுப் பிள்ளைகளுக்கே இது அதிகம் நேர்கிறது. காலை நீட்டியதும் சில்லு பெரும்பாலும் தானே திரும்பிவிடுவதால், சுளுக்கு என்று எண்ணி எண்ணெய் தேய்ப்பதோடு விட்டுவிடுகிறோம்.

என் அண்ணன் மகளுக்கு ஒரே ஆண்டில் 3 முறை விலகியது. மாடிப்படி இறங்கவே பயந்தாள். "பெண் பிள்ளை காலில் கத்தி வைப்பதா?" என்று என் தாயார் தடுத்தார். கோவையில் மருத்துவர் எக்ஸ்ரேயும் எம்.ஆர்.ஐ. படமும் பார்த்து விளக்கிய பிறகே அவர் மனம் இறங்கினார்.

சில்லின் உள்ஓரத்தைத் தொடையெலும்போடு பிணைப்பது ஒரு மெல்லிய நார். சில்லு வெளிப்பக்கம் சரியாமல் தடுப்பதில் பாதிப் பங்கு அதனுடையது. சில்லு விலகும்போது இந்த நார் கிழிந்து, பின்பு தளர்ந்த நிலையிலேயே ஆறிவிடலாம். முதல் முறை என்றால், குருத்தெலும்பு உடையாதிருக்கும் பட்சத்தில், தொடைத் தசைப் பயிற்சியிலேயே பலர் தேறிவிடுவர். திரும்பத் திரும்ப விலகினால் குருத்தெலும்பு கெடும். கெட்டது பழையபடி வளராது. ஆகவேதான் அறுவைச் சிகிச்சை.

பின்தொடையிலிருந்து ஒரு தசைநாணை எடுத்துப் புதிய நாராகப் பொருத்துகிறார்கள். 1992-இல் பிரேசில் மருத்துவர் எல்லெரா கோமெஸ் செயற்கை நாரைக் கொண்டு இதைச் செய்து வெளியிட்டார். தொடையெலும்பில் நாரைப் பொருத்தும் புள்ளியை எக்ஸ்ரேயில் காணும் முறையை 2007-இல் ஷோட்லே குழுவினர் வகுத்தனர். இடம் தவறினால் நார் அதிகமாக இறுகிவிடும். தொடையெலும்பின் பள்ளம் ஆழமில்லாதவர்களுக்கும், சில்லு மேலேறி நிற்பவர்களுக்கும் வேறு சிகிச்சையும் சேர்த்துத் தேவைப்படலாம். வளரும் பிள்ளைகளுக்கு எலும்பின் வளர்பகுதி பாதிக்கப்படாமல் செய்ய வேண்டும். இவற்றையெல்லாம் மருத்துவரிடம் முன்கூட்டியே கேளுங்கள்.

விடுமுறைக்கு ஊர் வந்து, அறுவை முடிந்ததும் புறப்பட நினைக்கும் குடும்பங்களுக்கு ஒரு வார்த்தை. முழங்காலை மடக்கவும் தசைக்கு வலுவேற்றவும் பல மாதப் பயிற்சி உண்டு. விளையாட்டுக்குத் திரும்பச் சுமார் 6 மாதமோ அதற்கு மேலோ ஆகும். நீங்கள் வசிக்கும் ஊரில் பிசியோதெரபி நிபுணரை முதலில் பார்த்து வையுங்கள். அறுவைக் குறிப்பையும் படங்களையும் கையோடு கொண்டு செல்லுங்கள். அறுவை ஒரு நாள் வேலை. பிள்ளையை நடக்க வைப்பது வீட்டார் அன்றாடம் உடனிருந்து செய்விக்கும் பயிற்சிதான்.