குற்றம் குறைந்தாலும் அச்சம் ஏன் குறைவதில்லை?



இரவு எட்டரை மணிக்கு டியூஷன் முடிகிறது. வீடு பத்து நிமிட நடைதான். ஆனாலும், "அங்கேயே நில்லு, அப்பா வந்து ஏத்திக்குவாரு" என்று அம்மா கைப்பேசியில் சொல்கிறார். கோயிலுக்குப் புறப்படும் பாட்டி, சங்கிலியைக் கழற்றி அலமாரியில் வைத்துவிட்டுப் போகிறார். பின்னால் மோட்டார் சத்தம் கேட்டதும் அக்காவின் கை தானாகவே பையை இறுக்கிப் பிடிக்கிறது.

மெர்சிங் போன்ற சிறிய கடலோர ஊரிலும் இவை அன்றாடக் காட்சிகள். இவர்களிடம் யாரும் எதையும் பறித்திருக்க வேண்டியதில்லை. குற்றம் ஓரிடத்தில் ஒருமுறை நடக்கிறது. அதைப் பற்றிய அச்சமோ நடக்காத இடங்களிலும் நம் நடை, உடை, நேரம் எல்லாவற்றையும் மாற்றுகிறது. அறிவியல் இதை எப்படி விளக்குகிறது?

உடலுக்குள் நடப்பது

மூன்றாம் படிவ அறிவியல் பாடத்தில் தூண்டலும் துலங்கலும் பற்றிப் படித்திருப்பீர்கள். இருட்டில் காலடிச் சத்தம் ஒரு தூண்டல். மூளைக்குள் பாதாம் பருப்பு வடிவில் இருக்கும் அமிக்டலா என்ற பகுதி உடனே அபாய மணி அடிக்கிறது. சிறுநீரகங்களின் மேல் தொப்பிபோல அமர்ந்திருக்கும் அட்ரீனல் சுரப்பிகள் அட்ரினலினைச் சுரக்கின்றன. இதயம் வேகமாகத் துடிக்கிறது, கண்மணி விரிகிறது, கல்லீரல் குளுக்கோஸை இரத்தத்தில் விடுகிறது. அமெரிக்க உடலியல் அறிஞர் வால்டர் கேனன் இதை 'எதிர்த்து நில் அல்லது ஓடு' என்ற துலங்கலாக 1915-இல் விளக்கினார்.

சில நிமிடங்களுக்கு இது உயிர் காக்கும் ஏற்பாடு. நாள்தோறும் நீடித்தால்தான் சிக்கல். கார்ட்டிசோல் என்ற ஹார்மோன் நெடுநாள் மிகுந்திருந்தால் தூக்கம் கெடும். இரத்த அழுத்தமும் நோய் எதிர்ப்பு ஆற்றலும் பாதிக்கப்படும்.

லண்டன் அரசு ஊழியர்களிடம் நடத்திய ஆய்வு ஒன்று 2007-இல் வெளிவந்தது. குற்றத்துக்கு மிகவும் அஞ்சியவர்கள் மற்றவர்களைவிடக் குறைவாக உடற்பயிற்சி செய்தார்கள். நண்பர்களைக் குறைவாகச் சந்தித்தார்கள். அவர்களிடம் மனச்சோர்வு ஏறக்குறைய இரு மடங்காகக் காணப்பட்டது. ஒரு கேள்வி எழ வேண்டும்: அச்சத்தால் மனச்சோர்வா, மனச்சோர்வால் அச்சமா? இரண்டும் சேர்ந்து காணப்படுவதால் மட்டும் ஒன்று மற்றதற்குக் காரணம் என்று முடிவு கட்டிவிட முடியாது.

எண்கள் சொல்வது

கொலை, கொள்ளை, வீடு புகுந்து திருடுதல், வாகனத் திருட்டு, வழிப்பறி முதலியவற்றை நம் காவல்துறை குற்றக் குறியீட்டில் கணக்கிடுகிறது. 2009-இல் மலேசியாவில் இவை 2 லட்சத்துக்கும் மேல் பதிவாயின. 2022-இல் ஏறக்குறைய 51 ஆயிரம். அதாவது நான்கில் ஒரு பங்கு! 2020-இல் நடமாட்டக் கட்டுப்பாடு வந்ததும் இந்தக் குறைவுக்கு ஒரு காரணம். இணைய மோசடிகள் இந்தக் குறியீட்டில் சேர்வதில்லை என்பதையும் நினைவில் கொள்ளுங்கள்.

இப்போது அம்மாவிடம் கேளுங்கள்: "உங்கள் பயமும் நான்கில் ஒரு பங்காகக் குறைந்ததா?"

மூளையின் குறுக்குவழி

ஒரு நிகழ்ச்சி எத்தனை முறை நடக்கிறது என்று மூளை எண்ணிப் பார்ப்பதில்லை. அதற்கான உதாரணம் எவ்வளவு எளிதாக நினைவுக்கு வருகிறது என்றே பார்க்கிறது. உளவியலாளர்கள் ஏமோஸ் ட்வெர்ஸ்கியும் டேனியல் கானெமனும் 1973-இல் இதை எடுத்துக்காட்டினார்கள்.

ஜொகூர் பாருவில் நடந்த ஒரு வழிப்பறியின் காணொளி நான்கு புலனக் குழுக்களில் வருகிறது என்று வைத்துக்கொள்வோம். நடந்தது ஒன்று, நினைவில் பதிவதோ நான்கு. அதே காணொளி மூன்று ஆண்டுகள் கழித்து மீண்டும் வந்தால் ஐந்து. அன்றிரவு பத்திரமாக வீடு சேர்ந்த ஆயிரக்கணக்கானோரின் காணொளியை யாரும் அனுப்புவதில்லை.

அதற்காகப் பாட்டியின் பயத்தைப் பார்த்துச் சிரித்துவிடாதீர்கள். தெரு வன்முறைக்கு அதிகம் ஆளாவது இளம் ஆண்கள், அதிகம் அஞ்சுவது பெண்களும் முதியவர்களும் என்று பல நாட்டு ஆய்வுகள் காட்டுகின்றன. இது முரண்பாடாகத் தோன்றலாம். அபாயத்தைக் கணிக்க, நடக்கும் வாய்ப்பையும் விளைவின் கடுமையையும் பெருக்க வேண்டும். பையை இழுக்கும்போது விழுந்தால் உங்களுக்கு முழங்கால் சிராய்க்கும். பாட்டிக்கு இடுப்பெலும்பே முறியலாம். அவருடைய கணக்கில் பிழை இல்லை.

காலியாகும் தெரு

அச்சம் தன்னையே வளர்த்துக்கொள்ளும். பயந்து எல்லோரும் கதவைச் சாத்திக்கொண்டால் தெரு காலியாகிறது. காலியான தெருவில் பார்ப்பதற்குக் கண்கள் இல்லை. திருடனுக்கு அதுதான் வசதி. ஒரு திருட்டு நடந்தால் அச்சம் மேலும் ஏறுகிறது. பக்கத்துத் தாமானுக்குச் சைக்கிளில் போய் விளையாடிய பிள்ளைகள் வீட்டுக்குள் கைப்பேசியோடு முடங்குகிறார்கள். கம்பிக் கதவு, கேமரா, காவலாளி என்று செலவும் கூடுகிறது.

இந்தச் சுழற்சியை எங்கே அறுக்கலாம்? அமெரிக்காவின் நியூவர்க் நகரில் 1978-79-இல் போலீஸ்காரர்களைக் காரிலிருந்து இறக்கி, நடந்து ரோந்து போகச் செய்து பார்த்தார்கள். குற்றங்கள் குறையவில்லை, ஆனால் மக்களின் அச்சம் குறைந்தது. குற்றமும் அச்சமும் வேறு வேறு என்பதற்கு இது நல்ல சான்று. நியூயார்க்கின் அடுக்குமாடிக் குடியிருப்புகளில் 2016-இல் கூடுதல் விளக்குகள் வைத்தபோது, இரவில் வெளியிடங்களில் நடக்கும் கடுமையான குற்றங்கள் சுமார் 36 விழுக்காடு குறைந்தன.

நம் நாட்டிலும் 2004-இல் பாதுகாப்பான நகரத் திட்டம் தொடங்கியது. நடைபாதைக்கும் சாலைக்கும் இடையே தடுப்புக் கம்பி இருந்தால் மோட்டாரில் வருபவனின் கை நம் பைக்கு எட்டாது. அதற்கும் முன்பே, 1975-இல், அண்டை அயலார் சேர்ந்து காவல் காக்கும் ருக்குன் தெத்தாங்கா உருவானது. அடுத்த வீட்டாரின் பெயர் தெரிந்திருப்பதும் ஒரு பாதுகாப்புக் கருவிதான்.

நீங்களே செய்து பாருங்கள்

1. ஒரு வாரம் உங்கள் புலனத்துக்கு வரும் குற்றச் செய்திகளைக் குறித்து வையுங்கள். எந்த ஊர்? எந்த ஆண்டு? யார் சொன்னது? ஒரே செய்தி எத்தனை முறை வந்தது? இவற்றுக்கு விடை தெரியாத செய்தியை யாருக்கும் அனுப்பாதீர்கள்.

2. பெரியவர் ஒருவருடன் மாலையில் உங்கள் தாமானைச் சுற்றி வாருங்கள். எரியாத தெருவிளக்குகளையும் புதர் மறைக்கும் பாதைகளையும் வரைபடத்தில் குறியுங்கள். அதை மெர்சிங் மாவட்ட மன்றத்திடம் கொடுக்கலாம்.

3. சாலையோரம் நடக்கும்போது வாகனங்கள் எதிரே வரும் பக்கமாக நடங்கள். பை சாலைக்கு எதிர்ப்புறத் தோளில் இருக்கட்டும். யாராவது பறித்தால் இழுபறி வேண்டாம், விட்டுவிடுங்கள். பிறகு 999-ஐ அழையுங்கள்.

எச்சரிக்கை தேவை, அது பையை இடம் மாற்றச் சொல்லும். வீட்டை விட்டே வெளியேறாதே என்று அச்சம் சொன்னால், மேலே உள்ள முதல் பயிற்சியின் கணக்கை எடுத்து ஒருமுறை பாருங்கள்.