ஒரே பெயர், வேறு வேறு குதிரை சக்தி: மோட்டார் சைக்கிள் வாங்குமுன் வணிகர் அறிய வேண்டியவை



மளிகைக்காரர்கள் படிக்கும் இதழில் மோட்டார் சைக்கிளுக்கு என்ன வேலை என்று சிலர் கேட்கலாம். நம் கடைகளில் வேலை பார்க்கும் பிள்ளைகளும், நம் வீட்டுப் பிள்ளைகளும் ஆசைப்படும் வண்டிகள் இன்று ஒன்றரை லட்சத்தைத் தாண்டி நிற்கின்றன. முன்பணம் கொடுப்பதும், தவணைக்கு ஜாமீன் போடுவதும் பெரும்பாலும் நாம்தான். பணம் போடுபவர் சரக்கைப் பற்றி நாலு விவரம் தெரிந்து வைத்திருப்பது நல்லது.

சென்ற மாதம் நம் மண்டியில் வேலை பார்க்கும் தம்பி ஒருவர் வண்டிக்கு முன்பணம் கேட்டார். அவர் கேட்டது யமஹா ஆர்-15. அதுவும் பழைய வண்டி, 2018 மாடல். புதிது எடுக்கலாமே என்றோம். "முதலாளி, புதுசுல பவரைக் குறைச்சிட்டாங்க. பதினெட்டு மாடல்தான் கெத்து. பத்தாயிரம் கூடப் போனாலும் அதைத்தான் எடுக்கணும்" என்றார். பத்தாயிரம் ரூபாய் கூடக் கொடுக்கும்படி அந்த எண்ணில் என்ன இருக்கிறது என்று பார்க்க உட்கார்ந்தோம். பார்த்ததை இங்கே எழுதுகிறோம்.

எண்கள் சொல்வது என்ன?

ஆர்-15 நம் நாட்டில் 2008-ஆம் ஆண்டு வந்தது. அப்போது அதன் சக்தி 8,500 சுற்றில் 17 பி.எஸ். 2011-இல் வந்த இரண்டாம் மாடலுக்கும் அதே கணக்குதான். 2018-இல் வந்த மூன்றாம் மாடலில் அது 10,000 சுற்றில் 19.3 ஆக உயர்ந்தது. 2019 டிசம்பரில் அதே மூன்றாம் மாடல் 18.6 ஆகக் குறைந்து வந்தது. 2021-இல் வந்த நான்காம் மாடலுக்கு 18.4. ஆக, தம்பி சொன்னது பொய்யல்ல. ஏறிய எண் பிறகு இறங்கித்தான் இருக்கிறது.

முதலில் அளவைப் பற்றி ஒரு வார்த்தை. ஒரு விளம்பரத்தில் பி.எச்.பி. என்றும், இன்னொன்றில் பி.எஸ். என்றும் இருக்கும். இரண்டும் குதிரை சக்திதான். ஆனால் ஒரு பி.எச்.பி. என்பது 1.014 பி.எஸ். கடலை எண்ணெயை லிட்டரில் போட்டால் ஒரு கணக்கு, கிலோவில் போட்டால் வேறு கணக்கு என்பது நமக்குத் தெரியும். இங்கேயும் அப்படித்தான். ஒரே அளவுக்கு மாற்றிய பிறகே இரண்டு வண்டிகளை ஒப்பிட வேண்டும். இன்னொன்றும் உண்டு. இந்த எண் எஞ்சினில் அளந்தது. கியர், சங்கிலி எல்லாம் கடந்து பின்சக்கரத்துக்கு வரும்போது ஒரு பங்கு சேதாரமாகப் போய்விடும்.

மூட்டைக்கு லாபமும் மொத்த வரும்படியும்

குதிரை சக்தியை நம் கல்லாக் கணக்கிலேயே புரிந்துகொள்ளலாம். ஒரு மூட்டைக்குக் கிடைக்கும் லாபத்தை, விற்ற மூட்டைகளின் எண்ணிக்கையால் பெருக்கினால் அன்றைய வரும்படி. எஞ்சினில் டார்க் எனப்படும் முறுக்கு விசைதான் மூட்டைக்கு லாபம். நிமிடத்துக்கு எத்தனை சுற்று என்பது விற்ற மூட்டை. இரண்டையும் பெருக்கி, சுமார் 7,000-ஆல் வகுத்தால் குதிரை சக்தி பி.எஸ். அளவில் வந்துவிடும்.

2008 மாடலின் உச்ச முறுக்கு விசை 7,500 சுற்றில் 15 நியூட்டன் மீட்டர். 15-ஐ 7,500-ஆல் பெருக்கி 7,000-ஆல் வகுத்தால் 16 பி.எஸ். நான்காம் மாடலுக்கும் உச்ச முறுக்கு விசை அதே 7,500 சுற்றில்தான் வருகிறது. ஆனால் அளவு 14.2. கணக்குப் போட்டால் 15.2 பி.எஸ். அதாவது, 7,500 சுற்றில் வைத்துப் பார்த்தால் பழைய 17 பி.எஸ். எஞ்சின் புதிய 18.4 எஞ்சினைவிடச் சற்றுக் கூடவே கொடுக்கிறது! புதியது முந்துவது அதற்கு மேலே, 10,000 சுற்றுக்கு ஏறும்போது. மூட்டைக்கு லாபத்தைக் குறைத்து, விற்பனையைப் பெருக்கி, மொத்த வரும்படியைக் கூட்டும் வியாபாரம் அது. கூட்டம் வரும் கடைக்கு அது சரி. கூட்டம் இல்லாத கடைக்கு?

நம் ஊர்ச் சாலையை நினைத்துப் பாருங்கள். டெல்டாவில் மேடு கிடையாது. திருநள்ளாற்றிலிருந்து காரைக்காலுக்கு ஐந்து கிலோமீட்டர். சனிக்கிழமை பக்தர்கள் கூட்டத்தில் சன்னிதி வீதிப் பக்கம் வண்டியை உருட்டத்தான் முடியும். 10,000 சுற்று என்பது இங்கே முள் போகாத இடம். அங்கே மட்டும் கிடைக்கும் சக்திக்குக் கூடுதல் விலை கொடுப்பது, திறக்காத கிடங்குக்கு வாடகை கொடுப்பதைப் போன்றது.

ஏறியது ஏன், இறங்கியது ஏன்?

மூன்றாம் மாடலில் சிலிண்டரின் விட்டம் 57 மில்லிமீட்டரிலிருந்து 58 ஆனது. அதனால் 149 சி.சி. 155 சி.சி. ஆனது. கூடவே, காற்றும் பெட்ரோலும் உள்ளே போகும் வால்வுகள் சுமார் 7,400 சுற்றுக்கு மேல் கூடுதலாகத் திறக்கும் ஏற்பாடும் வந்தது. கூட்டம் சேர்ந்ததும் கடை ஷட்டரை இன்னும் உயரத் தூக்குவது போல என்று வைத்துக்கொள்ளலாம். சக்தி மேல் சுற்றுக்குப் போனதன் காரணம் இதுதான்.

இறங்கியதற்குக் காரணம் புகைக் கட்டுப்பாடு. 2020 ஏப்ரல் 1 முதல் பி.எஸ்.-6 விதி நாடு முழுவதும் கட்டாயமானது. விதிக்கு ஏற்பப் புகையைச் சுத்தம் செய்ததில் முக்கால் குதிரை சக்தி போயிற்று. இது ஒரு கம்பெனியின் கதை மட்டுமல்ல. ஓசூரில் தயாராகும் டி.வி.எஸ். அப்பாச்சி ஆர்.டி.ஆர். 160 நான்கு வால்வு வண்டியும் 2018-இல் கார்புரேட்டருடன் 16.5 பி.எஸ். கொடுத்தது. பி.எஸ்.-6 வந்தபோது 16.02 ஆனது. பின்னர் 2021-இல் எஞ்சினைத் திருத்தி 17.5-க்கு மேல் கொண்டுவந்தார்கள். அதே வண்டியில் பிறகு வந்த மாடல்களில் ஸ்போர்ட் என்று பித்தானை வைத்தால் 17.55, நகரம் அல்லது மழை என்று வைத்தால் 15.64. ஒரே எஞ்சின், ஒரே நாள், இரண்டு எண்! எண்ணை மட்டும் வைத்து வண்டியை மதிப்பது எவ்வளவு தூரம் சரி என்பதை வாசகர்களே முடிவு செய்துகொள்ளலாம்.

ஒரு 25 கிலோ சிப்பம்

19.3-க்கும் 18.4-க்கும் வித்தியாசம் 0.9. நூற்றுக்கு ஐந்துகூட இல்லை. நான்காம் மாடலின் எடை 142 கிலோ. ஓட்டுபவர் 70 கிலோ என்றால் மொத்தம் 212. இதில் ஒரு 25 கிலோ அரிசிச் சிப்பத்தை ஏற்றினால் எடை 237 ஆகிறது. ஏறக்குறைய நூற்றுக்கு பன்னிரண்டு கூடிவிட்டது. இரண்டு மாடல்களுக்கும் உள்ள வித்தியாசத்தைப் போல இரண்டு மடங்குக்கு மேல் ஒரு சிப்பம் தின்றுவிடுகிறது. சரக்கு ஏற்றிய மூன்றாம் மாடல், சரக்கு ஏற்றாத நான்காம் மாடலுக்குப் பின்னால்தான் வரும். அதோடு, இந்த வகை வண்டிகள் சரக்கு ஏற்றச் செய்தவையும் அல்ல. டெலிவரிக்கு என்று முன்பணம் கேட்டால் வேறு வண்டியைப் பற்றிப் பேசுவதே முறை.

ஒரு மில்லிமீட்டரின் விலை

விட்டத்தில் கூடிய அந்த ஒரு மில்லிமீட்டர், இன்சூரன்ஸ் பில்லிலும் வந்து உட்காருகிறது. மூன்றாம் நபர் காப்பீட்டில் 75 சி.சி.க்கு மேல் 150 வரை ஒரு படி, 150-க்கு மேல் 350 வரை அடுத்த படி. 2022 ஜூன் 1 முதல் நடைமுறைக்கு வந்த அறிவிப்பின்படி முதல் படிக்கு ஆண்டுக்கு 714 ரூபாய், அடுத்ததற்கு 1,366 ரூபாய். புது வண்டிக்கு ஐந்து ஆண்டுக்குச் சேர்த்துக் கட்ட வேண்டும். அந்தக் கணக்கில் 3,851-க்கும் 7,365-க்கும் உள்ள வித்தியாசம். வரி தனி. 149 சி.சி. பழைய ஆர்-15 கீழ்ப் படியில், 155 சி.சி. மேல் படியில். சக்தியில் கூடியது இரண்டே கால் பி.எஸ். காப்பீட்டிலோ ஏறக்குறைய இரட்டிப்பு.

முக்கியமான கேள்வி

இவ்வளவையும் விட முக்கியமானது ஒன்று உண்டு. 125 சி.சி.க்கு மேற்பட்ட வண்டிகளுக்கு ஏ.பி.எஸ். பிரேக் 2019 ஏப்ரல் 1 முதல்தான் கட்டாயமானது. 2018-இல் மூன்றாம் ஆர்-15 விற்பனைக்கு வந்தபோது அதில் ஏ.பி.எஸ். கிடையாது. 2019 ஜனவரியில்தான் இரண்டு சக்கரங்களுக்கும் சேர்த்து வந்தது. மழை பெய்த சாலையில் திடீரென்று பிரேக் பிடிக்கும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் காப்பது அதுதான். ஆக, சக்தி மிக அதிகம் என்று தம்பி கூடுதல் விலை கொடுக்கத் தயாராக இருந்த வண்டி, அந்தக் காவல் இல்லாத வண்டியாக இருக்க வாய்ப்பு அதிகம்.

ஆகவே பழைய வண்டிக்குப் பணம் போடுமுன் நான்கு விஷயங்களைக் கேளுங்கள். எந்த ஆண்டு, எந்த மாதத் தயாரிப்பு? சொல்லும் சக்தி எத்தனை சுற்றில்? சி.சி. 150-க்கு மேலா, கீழா? ஏ.பி.எஸ். உண்டா? எடை சொல்லும்போது சாக்கோடு சேர்த்தா, சாக்கு நீக்கியா என்று கேட்காமல் நாம் எந்தச் சரக்கையும் இறக்குவதில்லை. வண்டிக்கும் அதே வழக்கம் இருக்கட்டும்.

தம்பி மறுநாள் போய் அந்த வண்டியின் முன்சக்கரத்தைக் குனிந்து பார்த்துவிட்டு வந்தார். "ஏ.பி.எஸ். இல்லைங்க முதலாளி" என்றார். பிறகு 2021-க்குப் பிந்திய வண்டி ஒன்றைப் பார்த்து வைத்திருக்கிறார். முன்பணம் கொடுக்க ஒப்புக்கொண்டிருக்கிறோம். தலைக்கவசம் வாங்கிக் காட்ட வேண்டும் என்ற நிபந்தனையுடன்.