மின்னூட்டம் ஏற்றப்படாத காகிதத்தைச் சீப்பு இழுப்பது எப்படி?

உலர்ந்த முடியில் தேய்த்த பிளாஸ்டிக் சீப்பு, மின்னூட்டம் எதுவும் ஏற்றப்படாத காகிதத் துணுக்கையும் இழுத்துக்கொள்வது விந்தையே.

சீப்பில் எதிர் மின்னூட்டம் சேர்ந்திருப்பதாகக் கொள்ளுங்கள். அது காகித மூலக்கூறுகளின் எலக்ட்ரான்களைச் சற்றே விலக்குவதால், துணுக்கின் அருகுப்பக்கம் நேர் மின்னூட்டமும் மறுபக்கம் அதே அளவு எதிர் மின்னூட்டமும் பெறுகின்றன. முன்னது ஈர்க்கப்படுகிறது; பின்னது தள்ளப்படுகிறது. அப்படியானால் இரண்டும் ஏன் சமன்பட்டுவிடுவதில்லை?

பிரெஞ்சு அறிஞர் கூலும் 1785இல் முறுக்குத் தராசைக்கொண்டு காட்டியபடி, புள்ளி மின்னூட்டங்கள், அதாவது பருமனைப் பொருட்படுத்த வேண்டாத அளவுக்குச் சிறியவை, தமக்குள் செலுத்தும் விசை, தொலைவு இருமடங்கானால் கால்பங்காகக் குறைகிறது. ஆகவே அருகுப்பக்கத்து ஈர்ப்பு, மயிரிழை வேறுபாட்டில்தான் என்றாலும், வென்றுவிடுகிறது.

இங்கே விசைகள் ஏறத்தாழ ஒரே கோட்டில் எதிரெதிராக இருப்பதால் கழித்தலே போதும். கோணம் புகுந்தால்? இரு வடங்கள் வெவ்வேறு திசையில் இழுக்கும் தேர் இடைப்பட்ட வழியே நகர்வதுபோல, இரு மின்னூட்டங்களால் தள்ளப்படும் மூன்றாவதும் இடைத்திசையிலேயே விலகும்.

அத்திசையை அறிய, ஒவ்வொரு விசையையும் அதன் வலிமைக்கேற்ற நீளமுள்ள அம்பாக, அதாவது திசையனாக வரைந்து, முதல் அம்பின் நுனியில் அடுத்ததன் அடியைப் பொருத்திப் பாருங்கள். தொடக்கத்திலிருந்து இறுதி நுனிவரை செல்லும் அம்பே மொத்த விசை. ஒன்றுக்கொன்று செங்குத்தான 3, 4 அலகு விசைகள் இவ்வாறு தருவது 7 அன்று, 5 அலகு.