திருத்தணிப் பெண்களின் பாகம்

ம. பொ. சிவஞானம் முதலியோரின் கிளர்ச்சியால் திருத்தணி 1960-ஆம் வருஷம் ஏப்ரல் 1-ந் தேதி தமிழ்நாட்டோடு சேர்ந்தது. அந்த எல்லைக் கோடு பின்னர்ப் பெண்மக்களின் பாகத்தையும் பிரித்ததை நம் தேசபக்தர்களில் பலர் கவனிக்கவில்லை. பிதுரார்ஜிதச் சொத்தில் மகளுக்கும் மகனுக்கும் சமபாகம் என்று ஆந்திரம் 1985 செப்டம்பர் 5 முதலும், தமிழ்நாடு 1989 மார்ச் 25 முதலும் விதித்தன. அத்தேதிகளுக்கு முன் மணமானவர்களுக்கு மட்டும் பாகமில்லை. ஆகவே 1987-இல் மணமான நகரிப் பெண்ணுக்குக் கிடைத்த உரிமை, அதே முகூர்த்தத்தில் மணமான திருத்தணிப் பெண்ணுக்குக் கிட்டவில்லை!

2005 செப்டம்பர் 9 முதல் அமலான மத்தியச் சட்டம் இப்பேதத்தை ஒழித்தது. அன்று தந்தை உயிரோடிருக்க வேண்டுமென்பதும் அவசியமன்று என 2020-இல் சுப்ரீம் கோர்ட்டு தீர்ப்பளித்தது. 2004 டிசம்பர் 20-க்கு முன் பதிவான பாகபத்திரங்களும் கோர்ட்டு டிக்ரிகளும் மாத்திரம் நிலைக்கும். வாய்ப்பேச்சுப் பாகப்பிரிவினை எளிதில் செல்லாது.

இவ்வளவுக்குப் பின்னும், சீர் செய்தாயிற்றே என்று சொல்லி மகளிடம் விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்து வாங்கும் வழக்கம் நம் குடும்பங்களில் ஓயவில்லை. மேடையில் மாதர் உரிமை முழங்குவோர் வீடுகளும் இதற்கு விலக்கல்ல. தம் பங்கையும் சுயார்ஜிதத்தையும் குறித்துக் குடும்பத் தலைவர் உயில் எழுத முத்திரைக் காகிதம் வேண்டாம், பதிவும் கட்டாயமில்லை. இரண்டு சாக்ஷிகளின் கையொப்பம் போதும். பத்திரம் எதுவாயினும், மகள் கையெழுத்திடுமுன் அதை அவளுக்கு முழுதும் படித்துக் காட்டுமாறு கேட்டுக்கொள்கிறோம்.