புதுக்கோட்டையின் சைக்கிள் சேனை

வசந்தருது பிறந்துவிட்டால் நமது கவிகளுக்குக் குயிலின் ஞாபகமும் மாந்தளிரின் ஞாபகமும் வரும். பெல்ஜியம் தேசத்தாருக்கோ சைக்கிளின் ஞாபகம் வந்துவிடுகிறது. மார்ச்சு, ஏப்ரல் மாதங்களில் அந்தச் சின்னஞ்சிறு தேசத்திலும் அதன் அண்டையிலுள்ள பிரான்ஸ், ஹாலந்து தேசங்களிலும் பெரிய பெரிய சைக்கிள் பந்தயங்கள் ஒன்றன்பின் ஒன்றாக நடந்த வண்ணமாயிருக்கும். கருங்கல் பாவிய பழைய வண்டிப் பாதைகள், முகத்தில் அறையும் குளிர்காற்று, மழை, சேறு ஆகிய எதையும் பொருட்படுத்தாமல் இருநூறு கிலோமீட்டருக்கு மேல் மிதித்துக்கொண்டு போவார்கள். ஊர் ஜனங்கள் எல்லாரும் தேரோட்டம் பார்ப்பதுபோல் சாலையின் இரு மருங்கிலும் கூடி நின்று கோஷமிடுவார்கள்.

இந்தத் தேரோட்டத்தில் ஸ்திரீகளுக்கு வெகுகாலம் வரையில் வேடிக்கை பார்க்கும் உரிமை மட்டுமே இருந்து வந்தது. பிளாண்டர்ஸ் பிரதேசத்துப் பந்தயம் ஆண்களுக்கு 1913-ல் ஆரம்பமாயிற்று; பெண்களுக்கு 2004-ல். பாரிஸிலிருந்து ரூபே நகர் வரையில் செல்லும் பந்தயம் ஆண்களுக்கு 1896-ல் ஏற்பட்டது. பெண்கள் அதில் இறங்கியது 2021-ல். இடையில் நூற்றிருபத்தைந்து வருஷம்! ஒலிம்பிக் விழாவின் கதையும் இதுதான். முதல் விழாவிலேயே ஆண்கள் ஆதென்ஸிலிருந்து மாரத்தான் வரையில் சைக்கிளில் போய்த் திரும்பினார்கள். பெண்களுக்கான சாலைப் பந்தயம் 1984-ல் லாஸ் ஏஞ்சல்ஸ் நகரில்தான் முதன் முதலாக நடந்தது.

அவ்வளவு காலமும் மேனாட்டுப் பெண்மணிகள் சைக்கிளைத் தொடாமலா இருந்தார்கள்? அதுதான் இல்லை. இங்கிலாந்தில் யார்க்ஷயர் பிரதேசத்தில் பெரில் பர்ட்டன் என்று ஓர் அம்மாள் இருந்தார். ரூபார்ப் என்னும் ஒருவகைத் தண்டுப் பயிர் விளையும் தோட்டத்தில் கூலிவேலை செய்து பிழைத்தவர். காசுக்காகப் பந்தயம் விட்டவரல்ல. வேலை நேரம் போக மிச்ச நேரத்தில் சைக்கிள் மிதித்தவர். 1967-ம் வருஷம் செப்டம்பர் மாதம் பன்னிரண்டு மணி நேரப் பந்தயம் ஒன்றில் இவர் 277¼ மைல் தூரம் போனார். அதே பந்தயத்தில் ஆண்களுக்குள் முதல்வராக வந்த மைக் மக்னமாரா என்பவர் அன்றைக்கு ஆண்களின் பழைய சாதனையை முறியடித்துக்கொண்டிருந்தார். அவருக்குப் பின்னால் புறப்பட்ட இந்த அம்மாள் அவரை எட்டிப் பிடித்து, பக்கத்தில் வந்ததும் சட்டைப் பையிலிருந்து அதிமதுர மிட்டாய் ஒன்றை எடுத்து அவர் கையில் கொடுத்துவிட்டு மேலே போய்விட்டார். அவரும் வாங்கி வாயில் போட்டுக்கொண்டாராம். பாவம், வேறு என்ன செய்வார்?

ஆனால் பர்ட்டன் அம்மாளுக்குக்கூட ஒரு சௌகரியம் இருந்தது. அவர் சைக்கிளை எடுத்துக்கொண்டு வீதிக்கு வந்தபோது, "பெண்பிள்ளைக்குச் சைக்கிள் என்ன வேண்டிக் கிடக்கிறது?" என்று கேட்பதற்கு ஊரே திரண்டு வரவில்லை. பந்தயத்தில் ஜயிப்பதற்கு முன்னால் பாதையில் இறங்க வேண்டும் அல்லவா? பாதையில் இறங்குவதே பெரிய பந்தயமாக இருந்த ஓர் இடத்தில், ஓட்டப் போட்டிகளும் ஊர்வலங்களுமாக நமது தமிழ்ப் பெண்கள் நடத்திய ஒரு சைக்கிள் பருவத்தைப் பற்றியே இங்கே சொல்ல வந்தோம். பெல்ஜியத்தின் பந்தயங்கள் எல்லாவற்றிலும் கலந்துகொள்ளும் பெண்களைக் கூட்டினாலும் இதற்கு ஈடாகாது.

அந்த இடம் புதுக்கோட்டை.

தொண்டைமான் மன்னர்களின் சமஸ்தானமாயிருந்து, 1948-ம் வருஷம் மார்ச்சு மாதத்தில் இந்திய யூனியனுடன் இணைந்த சீமை அது. 1974-ல் தனி ஜில்லாவாயிற்று. மழையை நம்பிக் கண்மாயும், கண்மாயை நம்பி வயலுமாக இருக்கும் வறண்ட பூமி. கல் உடைப்பதும் கூலிவேலைக்குப் போவதுமே அங்குள்ள ஏழைப் பெண்களில் பலருக்கு ஜீவனம். ஆயினும் பெண் கல்வி விஷயத்தில் அந்த ஊருக்கு ஒரு பழம்பெருமை உண்டு. டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி அவர்கள் பிறந்த ஊர் அது. ஆண்பிள்ளைகள் மட்டுமே படித்துவந்த மகாராஜா கல்லூரியில் அவர் சேர விரும்பியபோது ஊரில் எழுந்த ஆட்சேபங்களையெல்லாம் தள்ளி, மன்னர் அவருக்கு இடமளிக்கச் செய்தார். 1912-ல் சென்னை மருத்துவக் கல்லூரியில் தேறி வெளிவந்த அந்த அம்மையார், பிற்காலத்தில் சென்னைச் சட்டசபையின் முதல் பெண் அங்கத்தினரும் ஆனார். ஒரு பெண் கல்லூரி வாசலை மிதித்ததற்கே அப்படியென்றால், ஆயிரக்கணக்கான பெண்கள் சைக்கிளை மிதிப்பதற்கு எப்படியிருந்திருக்கும் என்று நேயர்களே யூகித்துக்கொள்ளலாம்.

1991-ம் வருஷம் அந்த ஜில்லாவில் அறிவொளி இயக்கம் ஆரம்பமாயிற்று. எழுதப் படிக்கத் தெரியாத கிராமத்து ஜனங்களுக்கு எழுத்தறிவிப்பது அதன் நோக்கம். கற்க வந்தவர்களில் பெரும்பாலோர் பெண்கள். கற்பிக்க வந்த தொண்டர்களிலும் பெண்கள் அநேகர். அப்போது ஜில்லா கலெக்டராக இருந்தவரும் ஒரு பெண்மணியே: ஸ்ரீமதி ஷீலா ராணி சுங்கத். பெண்களுக்குத் தன்னம்பிக்கை குன்றியிருப்பதற்கு ஒரு முக்கிய காரணம், அவர்கள் நினைத்த இடத்துக்கு நினைத்த நேரத்தில் போக முடியாமல் இருப்பதுதான் என்பது அவருடைய அபிப்பிராயம். எனவே, அகர முதல எழுத்துக்களோடு சைக்கிளும் பாடத் திட்டத்தில் சேர்ந்தது! பெண்களுக்குச் சைக்கிள் வாங்கக் கடன் கொடுக்கும்படி பாங்கிகளை அவர் வற்புறுத்தினார். ஒவ்வொரு வட்டாரத்து உத்தியோகஸ்தருக்கும் இந்தக் காரியத்தில் பொறுப்பு ஏற்பட்டது.

முதலில் அறிவொளித் தொண்டர்களான பெண்கள் கற்றுக்கொண்டார்கள். அவர்களைப் பார்த்துப் புதிதாக எழுத்தறிந்தவர்களும் கற்றுக்கொள்ள ஆசைப்பட்டார்கள். கற்றுக்கொண்டவர்கள் சம்பளம் வாங்காமலே மற்றவர்களுக்கு ஆசிரியைகளானார்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் கிராமத்து எல்லைகளில் பயிற்சி முகாம்கள் நடந்தன. அவற்றை நேரில் பார்த்து எழுதிய பத்திரிகையாளர் பி. சாய்நாத், கற்க வந்த பெண்கள் இருப்பதற்குள் நல்ல உடையாகத் தேர்ந்து உடுத்தி வந்திருந்ததைக் குறிப்பிடுகிறார். திருவிழாவுக்குப் போகிறவர்கள் அப்படித்தானே போவார்கள்?

விழுந்தவர்கள் எத்தனை பேர், முழங்கால் சிராய்த்துக்கொண்டவர்கள் எத்தனை பேர் என்பதற்குக் கணக்கில்லை. கற்றவர்களின் கணக்கு இருக்கிறது. பதினெட்டே மாதங்களில் ஒரு லட்சம் பெண்களுக்கு மேல் சைக்கிள் விடக் கற்றுவிட்டார்கள். பத்து வயதுக்குட்பட்ட சிறுமிகளை நீக்கிப் பார்த்தால், ஜில்லாவின் கிராமத்துப் பெண்களில் நாலில் ஒரு பங்குக்கு மேல். அவர்களில் எழுபதினாயிரம் பேர், கண்காட்சியும் போட்டியுமாக நடந்த பொது விழாக்களில் ஜனத்திரளின் முன்னிலையில் ஓட்டிக் காட்டினார்கள்.

1992-ம் வருஷம் மார்ச்சு மாதம் 8-ந் தேதி, சர்வதேச மகளிர் தினத்தன்று, இந்தச் சைக்கிள் சேனை தலைநகரை முற்றுகையிட்டது. பெல்ஜியத்தில் வசந்தப் பந்தயங்கள் தொடங்கும் அதே பருவம். நமது நாட்டிலோ மாசி வெயில் உறைக்கத் தொடங்கியிருந்தது. கைப்பிடியில் கொடி பறக்க, மணிகள் கணகணவென்று ஒலிக்க, ஆயிரத்தைந்நூறு பெண்களுக்கு மேல் புதுக்கோட்டை நகரத்துக்குள் அணி அணியாகப் பிரவேசித்தார்கள். திவான் சேஷய்யா சாஸ்திரியார் காலத்தில் சீரமைக்கப்பட்ட அந்த நகரத்து வீதிகள் நேர் நேராகவும் விசாலமாகவும் அமைந்தவை. ராஜ பவனிகள் பல கண்டவை. இப்படி ஒரு பவனியை அவை கண்டிருக்க நியாயமில்லை. நகரவாசிகள் திகைத்துப் போனார்கள்.

மேனாட்டுச் சாலைப் பந்தயங்களில் ஒரு தந்திரம் உண்டு. கோஷ்டியில் ஒருவர் முன்னே சென்று எதிர்காற்றைக் கிழித்துக் கொடுப்பார். அவருக்குப் பின்னால் ஒட்டினாற்போல் செல்கிறவருக்கு மிதிக்கும் சிரமத்தில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு மிச்சமாகும். புதுக்கோட்டைப் பெண்களுக்கு எதிர்க்காற்றாக வந்தது ஏச்சுப் பேச்சு. தெருமுனையில் நின்று ஆபாசமாகப் பரிகாசம் செய்தவர்கள் இருக்கத்தான் இருந்தார்கள். முதலில் ஓட்டிய பெண்கள் அதைக் காதில் போட்டுக்கொள்ளாமல் போனார்கள். பத்தாவதாக வந்தவளுக்கு ஏச்சு குறைந்தது. நூறாவதாக வந்தவளைப் பார்த்துச் சிரிக்க யாருக்கும் தெம்பில்லை. ஆண்பிள்ளைகள் எல்லாருமே எதிரிகள் என்றும் எண்ணிவிடக் கூடாது. அந்த இயக்கத்துக்குச் சைக்கிள் பாட்டு எழுதிக் கொடுத்தவரே ஓர் ஆண்பிள்ளைதான்.

இன்னொரு வேடிக்கை. பெண்களுக்கென்று குறுக்குக் கம்பி இல்லாமல் வளைவாகச் செய்யும் சைக்கிள்களுக்குப் பஞ்சம் வந்துவிட்டது. ஒரு கடைக்காரருக்கு ஒரே வருஷத்தில் அந்த வகைச் சைக்கிளின் விற்பனை 350 சதவிகிதத்துக்கு மேல் உயர்ந்ததாம். காத்திருக்கப் பொறுமையில்லாதவர்கள் ஆண்களின் சைக்கிளையே வாங்கிப் புடவையோடு ஏறிவிட்டார்கள். ஏறிய பிறகு பார்த்தால் அதுவே மேலானதென்று தோன்றிற்று. ஏனென்றால், அந்தக் குறுக்குக் கம்பியின்மேல் குழந்தையை உட்காரவைத்துக்கொள்ளலாம்! பெண்களின் நாகரிகத்துக்குக் கம்பி ஆகாது என்று தீர்மானித்த சீமைத் தொழிற்சாலைக்காரர்களுக்கு இடுப்புக் குழந்தையின் ஞாபகம் வராமற் போனது ஆச்சரியமல்ல.

இந்தப் பந்தயத்தில் பரிசு என்ன? வெள்ளிக் கோப்பை அல்ல, நேரம். நாலைந்து கிராமங்களுக்குள் காய்கறியும் தானியமும் விற்றுவந்த பெண், வராத பஸ்ஸுக்காகச் சாலையில் காத்துக் கிடக்கும் பொழுது மிச்சமாயிற்று. விற்கப் போவதற்கு அதிக நேரம் கிடைத்தது, அதிக ஊர்களுக்கும் போக முடிந்தது, வருமானம் கூடிற்று. தகப்பனோ புருஷனோ சகோதரனோ வந்து சைக்கிளில் ஏற்றிக்கொண்டு போகும் வரையில் காத்திருக்க வேண்டிய அவசியம் போயிற்று. குழந்தையைப் பள்ளிக்கூடத்தில் விட்டு, தண்ணீர் கொண்டுவந்து கொட்டி, வேலைக்கும் போய்த் திரும்பிய பிறகு, சற்று ஓய்ந்து உட்காரவும் நேரம் இருந்தது. வீட்டிலுள்ள ஸ்திரீகள் ஓய்ந்து உட்காரும் காட்சியை நேயர்களில் எத்தனை பேர் கண்டிருக்கிறார்களோ, அறியோம்.

லாபக் கணக்கு மட்டும் போட்டால் விஷயத்தில் பாதி விட்டுப்போகும். சாய்நாத் சந்தித்தவர்களில் ஒரு பள்ளிக்கூட ஆசிரியை இருந்தார். அக்காலத்தில் ஒரு சைக்கிளின் விலை 1,200 ரூபாய்க்கு மேல். அவ்வளவு பணம் கொடுத்து வாங்க அவரால் முடியவில்லை. ஆகவே தினந்தோறும் மாலையில் அரைமணி நேரத்துக்கு ஒரு வாடகைச் சைக்கிளை எடுத்து ஓட்டுவார். எங்கேயும் போவதற்காக அல்ல, ஓட்டுவதற்காகவே ஓட்டினார். பந்தயம் விடுகிறவர்களின் நெஞ்சுக்குள்ளே இருப்பதும் இந்த ஆசைதான். பர்ட்டன் அம்மாள் இருந்திருந்தால் இந்த ஆசிரியைக்கு ஒரு மிட்டாய் கொடுத்திருப்பார்.

இவர்களுடைய உத்ஸாகத்தைக் கண்ட ஐக்கிய நாடுகளின் குழந்தைகள் நிதி ஸ்தாபனம், அறிவொளித் தொண்டர்களான பெண்களுக்கு ஐம்பது மொபெட் வண்டிகளை அளிக்க முன்வந்தது. ஆயினும் எந்தக் கூட்டத்துக்கும் கலையும் நேரம் உண்டு. 1995-ம் வருஷம் ஏப்ரல் மாதத்தில் சாய்நாத் மறுபடியும் போய்ப் பார்த்தார். பெண்கள் ஓட்டிக்கொண்டுதான் இருந்தார்கள். ஆனால் சைக்கிளின் விலை 1,400 ரூபாய்க்கு ஏறி, பலருக்கு எட்டாததாகிவிட்டது. இயக்கம் நடந்தபோது சிறு குழந்தைகளாயிருந்து, கற்றுக்கொள்ளும் வாய்ப்பைத் தவறவிட்டவர்களும் வளர்ந்து நின்றார்கள்.

விலையின் தொல்லையைப் பிற்பாடு அரசாங்கம் ஓரளவு தீர்த்துவைத்தது. 2001-ல் தமிழ்நாட்டில் ஆதி திராவிட, பழங்குடி வகுப்புகளைச் சேர்ந்த மேல்நிலைப் பள்ளி மாணவிகளுக்கு இலவசச் சைக்கிள் கொடுக்கத் தொடங்கினார்கள். பின்னர் அரசாங்கப் பள்ளிகளிலும் உதவி பெறும் பள்ளிகளிலும் படிக்கும் எல்லா வகுப்புப் பிள்ளைகளுக்கும் அது விரிந்தது. 2006-ல் பீகார் மாகாணமும் உயர்நிலைப் பள்ளி மாணவிகளுக்குச் சைக்கிள் அளித்தது. அதன் பலனைக் கார்த்திக் முரளிதரன், நிஷித் பிரகாஷ் என்னும் பொருளாதார அறிஞர்கள் ஆராய்ந்தார்கள். உயர்நிலைப் பள்ளியில் சேரும் பெண்களின் விகிதம் 32 சதவிகிதம் உயர்ந்ததென்றும், ஆண் பெண் வித்தியாசம் 40 சதவிகிதம் குறைந்ததென்றும் கண்டார்கள். கலெக்டர் அம்மாளின் அபிப்பிராயத்துக்கு இதைவிடச் சாட்சி எதற்கு?

சைக்கிள் கிடைத்துவிட்டது, பரிகாசமும் அநேகமாக ஓய்ந்துவிட்டது. இப்போது இல்லாத பொருள் சாலை. புதுக்கோட்டைக் கிராமங்களில் 1992-ல் மண் பாதைகளேனும் காலியாகக் கிடந்தன. சென்னைக்கு வடக்கே இராயபுரம், திருவொற்றியூர், எண்ணூர் என்று கடலோரமாகவே போய்க் கொசஸ்தலையாற்றின் கழிமுகத்தைத் தாண்டினால் காட்டுப்பள்ளி வருகிறது. ஒரு பக்கம் கடல். மறுபக்கம் பக்கிங்ஹாம் கால்வாயும் உப்பங்கழியும். மேடு என்பது மருந்துக்கும் இல்லாத பூமி. காலையில் வீசும் காற்று, பிளாண்டர்ஸ் காற்றுக்கு ஒன்றும் இளைத்ததல்ல. சைக்கிள் பந்தயத்துக்கென்றே இயற்கை பாய் விரித்து வைத்திருக்கிறது என்று சொல்லலாம். ஆனால் 2001-ல் எண்ணூர்த் துறைமுகமும் அதன் பின்னர் காட்டுப்பள்ளித் துறைமுகமும் ஏற்பட்டதிலிருந்து, அந்தப் பாதைகள் சரக்குப் பெட்டி சுமந்த நெடிய லாரிகளுக்கு உரியவையாகிவிட்டன. அவற்றின் சக்கரம் ஒரு பள்ளிப் பெண்ணின் தோளுயரம் இருக்கும். குப்பத்திலிருந்து சைக்கிளில் புறப்படும் மகளைப் பார்த்துத் தாயார் இப்போது அஞ்சுவது ஊர்ப்பேச்சுக்கு அல்ல.

சென்னைக்குத் தெற்கே மேலக்கோட்டையூரில் சைக்கிள் பந்தயத்துக்கென்று வட்டப்பாதை ஒன்று இருக்கிறது. 2024 ஜனவரியில் கேலோ இந்தியா இளைஞர் விளையாட்டு விழா தமிழ்நாட்டில் நடந்தபோது அங்கே பெண்களும் போட்டியிட்டார்கள். அது சுவருக்குள்ளே சுற்றும் பந்தயம். சாலைப் பந்தயம் வேண்டுமானால் சாலையைக் கொஞ்ச நேரம் காலி செய்து கொடுக்க வேண்டும். பெல்ஜியத்தில் போலீஸார் ஊர் ஊராகப் போக்குவரத்தை நிறுத்தி அதைத்தான் செய்கிறார்கள். மாசி மாதத்து ஞாயிற்றுக்கிழமை ஒன்றில் காலை ஐந்து மணி முதல் ஏழு மணி வரையில் மீஞ்சூருக்கும் காட்டுப்பள்ளிக்கும் இடையே லாரிகளை நிறுத்திவைத்தால் துறைமுகம் மூழ்கிவிடாது. கப்பல்கள் இரண்டு மணி நேரம் காத்திருக்கும். சைக்கிள்கள் அந்தப் பெண்களிடம் ஏற்கெனவே இருக்கின்றன.