விளையாட்டுக் கணினி: எவ்வளவு செலவிடலாம்?

(தொலைக்காட்சிக் கருத்தரங்கில் வழங்கிய உரையின் எழுத்து வடிவம்)



எஸ்.பி.எம். தேர்வு முடிந்ததும் பிள்ளைகள் கேட்கும் பரிசுகளின் பட்டியலில் இப்போது விளையாட்டுக் கணினியும் சேர்ந்துவிட்டது. சில பெற்றோர் பிள்ளையின் கெஞ்சலுக்கு இணங்கி, சக்திக்கு மீறிச் செலவிடுகிறார்கள். சிலர் "விளையாட்டுக்கா இவ்வளவு பணம்?" என்று பேச்சை அத்துடன் முடித்துவிடுகிறார்கள். இரண்டும் சரியல்ல. இது கோபத்திலோ பாசத்திலோ எடுக்கும் முடிவல்ல; கணக்குப் போட்டு எடுக்க வேண்டிய முடிவு. அதற்கு மூன்று கேள்விகள் போதும்.

முதல் கேள்வி: பிள்ளை எந்த விளையாட்டை விளையாடப் போகிறார்? வேலோரன்ட், டோட்டா 2 போன்ற இணையப் போட்டி விளையாட்டுகள் எளிய கணினியிலும் ஓடும்படி உருவாக்கப்பட்டவை. 2020இல் வந்த சைபர்பங்க் 2077, 2024இல் வந்த பிளாக் மித்: வூகோங் போன்றவை அப்படியல்ல. பின்னதை நிறுவவே 130 ஜிகாபைட் இடம் வேண்டும். நண்பர்களோடு வேலோரன்ட் மட்டுமே விளையாடும் பிள்ளைக்கு வூகோங்குக்கான கணினி வாங்குவது, பக்கத்துத் தெருவுக்குப் போக லாரி வாங்குவதைப் போன்றது.

இரண்டாவது கேள்வி: எந்தத் திரை? கடைக்காரர்கள் முதலில் விலையைச் சொல்வார்கள். நீங்கள் திரையிலிருந்து தொடங்குங்கள். முழு எச்.டி. திரையில் ஏறக்குறைய 20 இலட்சம் புள்ளிகள் உள்ளன. 4கே திரையில் அது ஏறக்குறைய 83 இலட்சம். அதாவது, ஒவ்வொரு காட்சிக்கும் கணினி நான்கு மடங்கு புள்ளிகளை வரைய வேண்டும். அந்த உழைப்புக்கு விலை உயர்ந்த வரைகலை அட்டை தேவை. மேசையில் வைத்து விளையாடும் மாணவருக்கு முழு எச்.டி. தாராளமாகப் போதும்.

திரை முடிவானால் மற்றவை தானாக அமையும். கணினிப் பெட்டிக்கு 4,000 ரிங்கிட் ஒதுக்குவதாக வைத்துக்கொள்வோம். அதில் 1,400 முதல் 1,600 ரிங்கிட் வரை, கிராபிக்ஸ் கார்டு எனப்படும் வரைகலை அட்டைக்குப் போகட்டும். விளையாட்டின் தரத்தைப் பெரும்பாலும் தீர்மானிப்பது அதுதான். வண்ண விளக்குகளுக்கும் கண்ணாடிப் பெட்டிக்கும் கொடுக்கும் பணம் விளையாட்டை வேகப்படுத்தாது. ஆனால், மின்சாரம் வழங்கும் பவர் சப்ளையில் மட்டும் சிக்கனம் வேண்டாம். மலிவான ஒன்று பழுதானால் மற்ற பாகங்களையும் சேர்த்துக் கெடுத்துவிடலாம். திரை, விசைப்பலகை, காதணி ஒலிபெருக்கி, விண்டோஸ் உரிமம் ஆகியவற்றுக்கான செலவு இந்த 4,000இல் அடங்காது. பலர் மறந்துவிடும் தொகை இதுதான்.

நினைவகத்தைப் பற்றி ஒரு வார்த்தை. செயற்கை நுண்ணறிவுத் தரவு மையங்கள் நினைவகச் சில்லுகளைப் பெருமளவில் வாங்கியதால், 2025ஆம் ஆண்டின் இறுதியில் அவற்றின் விலை கிடுகிடுவென உயர்ந்தது. ஆகவே 16 ஜிகாபைட்டுடன் தொடங்கி, பிறகு கூட்டிக்கொள்ள இடம் உள்ள தாய்ப்பலகையை வாங்குவது புத்திசாலித்தனம். பழைய கணினியை மலிவாக வாங்க நினைப்பவர்கள், அது விண்டோஸ் 11ஐ ஏற்குமா என்று பார்க்க வேண்டும். விண்டோஸ் 10க்கான பொது ஆதரவு 2025 அக்டோபர் 14இல் முடிந்துவிட்டது.

மூன்றாவது கேள்விதான் முக்கியமானது: பணம் எங்கிருந்து வருகிறது? சேமிப்பிலிருந்து என்றால் கவலையில்லை. கடன்பற்று அட்டையில் என்றால் கணக்கைப் பாருங்கள். 4,000 ரிங்கிட்டுக்கு ஆண்டுக்கு 18 விழுக்காடு வட்டி என்றால், முதல் மாத வட்டி மட்டும் 60 ரிங்கிட். குறைந்தபட்சத் தொகையான 5 விழுக்காட்டை, அதாவது 200 ரிங்கிட்டைக் கட்டினால், அசலில் கழிவது 140 ரிங்கிட்தான். கணினி பழசாகிக்கொண்டே போகும். கடனோ மெதுவாகத்தான் கரையும். "விரலுக்கேற்ற வீக்கம்" என்று பெரியவர்கள் சொன்னது இதற்கும் பொருந்தும்.

எனவே பெற்றோர்களே, கோலாலம்பூர் லோ யாட் பிளாசாவுக்குக் கிளம்புவதற்கு முன் வீட்டில் உட்கார்ந்து உச்ச வரம்பை எழுதிவிடுங்கள். அந்த வரம்புக்குள் பாகங்களின் பட்டியலைப் பிள்ளையே தயாரிக்கட்டும். இரண்டு மூன்று கடைகளில் ஒவ்வொரு பாகத்தின் பெயரும் விலையும் தனித்தனியாக எழுதிய விலைப்பட்டியலைக் கேட்டு வாங்குங்கள். ஒரே பெயரில் 8 ஜிகாபைட், 16 ஜிகாபைட் என இரண்டு வகை வரைகலை அட்டைகள் விற்கப்படுவதும் உண்டு, எண்ணைச் சரிபாருங்கள். ரசீதைப் பத்திரப்படுத்துங்கள். தகராறு வந்தால், 50,000 ரிங்கிட் வரையிலான கோரிக்கைகளைப் பயனீட்டாளர் நடுவர் மன்றம் விசாரிக்கிறது. மனுக் கட்டணம் 5 ரிங்கிட்தான்.

வரம்புக்குள் அடங்காத பாகத்தைப் பிள்ளை தன் பகுதி நேர வேலை வருமானத்தில் பிறகு வாங்கிக்கொள்ளட்டும். கணினி அதற்கு இடம் தரும். தன் ஆசைக்கு விலை உண்டு என்பதைப் பதினேழு வயதில் கணக்குப் போட்டுத் தெரிந்துகொள்ளும் பிள்ளை, நாளை கார் கடனையும் வீட்டுக் கடனையும் நிதானமாகவே அணுகும்.