விரால் மீனுக்கு இரை பழக்குதல்

மாரி மழை பெய்து வயல்களில் நீர் நின்ற பின்னர், வரம்போரப் புல்லிடையிலும் வடிகால் வாய்க்காலிலும் செந்நிறமான சிறு மீன்குஞ்சுகள் ஒரே திரளாகச் சுழன்று திரிவதைக் கமக்காரர் கண்டிருப்பர். அவை விராற்குஞ்சுகள். திரளின் கீழே சற்று மறைவாகப் பெற்ற மீன் காவலிருக்கும். பிள்ளைகள் அக்குஞ்சுகளைத் துணியால் அள்ளி வாளியிலிட்டு வீட்டுக்குக் கொணர்வதும், அவை சீமெந்துத் தொட்டியில் விடப்படுவதும், கைநிறையத் தவிடு தூவப்படுவதும் வழமை. தவிடு மிதக்கும், பின்னர் அமிழும், மறுநாள் புளிக்கும். நான்காம் ஐந்தாம் நாளில் தொட்டியில் எஞ்சுவன சில குஞ்சுகளே. அவற்றின் வயிறு பருத்திருப்பதைக் கண்டு, அவை தவிட்டை உண்டு பிழைத்தன என்று எண்ணுவோர் உண்டு. அவை உண்டது தவிட்டையன்று, தம் உடன்பிறப்புகளை.

விரால் பிடிவாதமுள்ள மீன், உயிருள்ள இரையன்றி வேறொன்றையும் தொடாது என்று பலர் கூறுவர். இது முற்றும் உண்மையன்று. விரால் பதுங்கியிருந்து பாய்ந்து இரைபிடிக்கும் மீன். அதன் கண்ணுக்கு அசைவதே இரை. அசையாதது கல்லும் சருகும் போன்றது. ஆகவே கொடுத்த உணவை அது வெறுக்கின்றது என்பதிலும் பார்க்க, அதை உணவென அறியவில்லை என்பதே பொருந்தும். கண்ணாடித் தொட்டிகளில் வேட்டை மீன்களை அழகுக்காக வளர்ப்போர் படும் தொல்லையும் இதுவே. அறியாத ஒன்றை அறியச் செய்தல் கூடும். ஆனால் அதற்குரிய வயதும் வரிசையும் உண்டு, பொறுமையும் வேண்டும்.

உயிருள்ள சிறு மீன்களையே பிடித்துப் போட்டு வளர்த்தால் என்ன என்று கேட்கலாம். இரண்டொரு மீனுக்கு அது இயலும். விற்பனைக்கு வளர்ப்பவருக்கு இயலாது. சிறு மீனை மட்டும் ஊட்டி ஒரு கிலோ விரால் பெறுவதற்கு ஏறத்தாழ நான்கு கிலோ சிறு மீன் செலவாகும். கம்போடியாவில் இவ்வழக்கம் பெருகி, ஆறுகளிலும் ஏரிகளிலும் ஏழை மக்கள் உண்ணும் சிறு மீன்கள் விரால் வளர்ப்புக்கென வாரப்பட்டமையால், 2004 ஆம் ஆண்டில் அந்நாட்டு அரசாங்கம் விரால் வளர்ப்பையே தடைசெய்தது. தடை நீங்கியது 2016 ஆம் ஆண்டிலேயே. குஞ்சுகளைச் செய்தீவனத்துக்குப் பழக்கும் முறை இதற்கிடையில் நன்கு ஆராயப்பட்டு, வியட்நாமின் மீகொங் கழிமுகத்தில் வளர்ப்போர் கைக்கொள்ளத் தொடங்கியிருந்தமை தடை நீங்குவதற்குத் துணைசெய்தது. இங்கு கூறப்படும் முறையும் அதன் அடிப்படையிலானதே.

முதலில் குஞ்சு பெறுதல் பற்றி ஒரு சொல். காவலிருக்கும் பெரிய மீனைத் தூண்டிலிற் பிடித்துவிட்டால், காப்பாரற்ற திரள் முழுவதும் ஓரிரு நாளில் பிற மீன்களுக்கும் பறவைகளுக்கும் இரையாகும். அடுத்த ஆண்டு அவ்வயலில் விரால் குறைந்துவிட்டது என்று குறைகூறுவோர் இதனை நினைத்தல் நன்று. திரளை முற்றாக அள்ளுதலும் தகாது. இயன்றால் வளர்ப்பு நிலையத்திலிருந்து குஞ்சு பெறுக. குளத்திலோ வாய்க்காலிலோ பிடிப்பதாயின் அதற்கு அனுமதி உண்டோவென்று உரிய உத்தியோகத்தரிடம் முன்னரே கேட்டறிக. ஓர் அங்குலம் முதல் ஒன்றரை அங்குலம் வரையுள்ள குஞ்சுகளே பழக்குதற்கு உகந்தவை. அப்பருவத்தில் அவை கூட்டமாகத் திரிவன; ஒன்று பாய்ந்தால் மற்றவையும் பாயும். பெரிதாகித் தனித்திரியத் தொடங்கிய பின் இவ்வாய்ப்பு போய்விடும்.

தொட்டியை வாய்மட்டும் நிரப்பலாகாது; மேலே ஒரு சாண் வெற்றிடம் விட்டு, வலையால் இறுக மூடுக. விரால் துள்ளும் மீன். இரவில் துள்ளி விழுந்து காலையில் முற்றத்தில் எறும்பு மொய்த்துக் கிடப்பது புதிதாக வளர்ப்போர் பலரின் முதல் நட்டம். வலை நீரைத் தொட்டுக்கொண்டிருத்தலும் ஆகாது. இம்மீன் செவுளால் மட்டுமன்றி, மேலே வந்து காற்றை விழுங்கியும் சுவாசிக்கின்றது. மேற்பரப்பை அடையவிடாது தடுத்தால் நீரிலேயே மூச்சடைத்து இறக்கும். ஒரு மூலையில் நீர்ப்பூண்டு சிறிது இடுக. மருந்து தெளித்த வயலின் நீரை எக்காரணத்தாலும் தொட்டிக்குள் விடற்க.

கொணர்ந்த முதல் நாள் குஞ்சுகளை அமைதியாக விடுக. மறுநாள் தொடக்கம் உயிருள்ள இரையே கொடுத்தல் வேண்டும். குளத்து நீரில் துள்ளித் திரியும் நீர்த்தெள்ளு மிகச் சிறந்தது. மெல்லிய துணிவலையால் வாரியெடுக்கலாம். நுளம்புக் குடம்பியை விரால் விரும்பி உண்ணுமெனினும், அதற்கென வீட்டில் நீரைத் தேக்கிவைத்தல் டெங்குக் காய்ச்சலை வரவழைப்பதாகும். 2007 ஆம் ஆண்டின் நுளம்புப் பெருக்கத் தடுப்புச் சட்டத்தின்படி குற்றமுமாகும். இந்நாட்களில் இரையைத் தொட்டியெங்கும் தூவாது, காலையும் மாலையும் ஒரே நேரத்தில் ஒரே மூலையில் இடுக. இடுமுன் தொட்டியின் விளிம்பை விரலால் இருமுறை தட்டுக. நான்கைந்து நாளில், தட்டிய உடனே குஞ்சுகள் அம்மூலையிற் கூடுவதைக் காணலாம். இது விளையாட்டன்று. பின்னர் அசையாத உணவை இடும்போது, இங்கே உணவு வரும் என்ற எதிர்பார்ப்பே அவற்றை அதன்மேற் பாயச் செய்யும்.

கூடப் பழகிய பின் விழுதை ஆரம்பிக்கலாம். திலாப்பியா போன்ற மலிவான மீனின் சதையை முள்நீக்கி, சிறிது அவித்து, அம்மியில் மைபோல அரைத்தெடுக்க. அவிக்காது இடுதல் எளிதெனினும், பச்சை நன்னீர் மீனோடு நோய்க்கிருமிகளும் புழுக்களும் வரக்கூடும். அன்றியும் கெண்டையினத்து மீன்கள் பலவற்றின் பச்சைச் சதையில் உயிர்ச்சத்து பி1 ஐ அழிக்கும் பொருளொன்று உண்டு. வெப்பத்தால் அது கெடும். உப்பிட்ட கருவாடு உதவாது.

ஒரு சிறு தட்டைக் கயிற்றிற் கட்டி, நீர்மட்டத்துக்குச் சற்றுக் கீழே தொங்கவிட்டு, அதன்மேல் விழுதை அப்புக. முதல் இரண்டு மூன்று வேளைக்கு, உயிருள்ள நீர்த்தெள்ளைத் தட்டின் மேலேயே ஊற்றுக. பாயும் குஞ்சுகளின் வாயில் விழுதும் அகப்படும். சில அதை வாயிலெடுத்து உடனே துப்பும். புதிதாகப் பழக்குவோர் மனந்தளர்வது இவ்விடத்திலேதான். ஆனால் துப்புதல் தோல்வியன்று, பாதி வெற்றி. சுவையறிந்த குஞ்சு ஓரிரு நாளில் விழுங்கத் தொடங்கும். திரும்பியும் பாராத குஞ்சே கவலைக்குரியது. வயிறு ஒட்டித் தலைபெருத்துத் தோன்றும் குஞ்சுகளைப் பிரித்தெடுத்து, உயிரிரை கொடுத்துத் தேற்றி மீண்டும் தொடங்குக. பட்டினி போட்டால் தானாக உண்ணும் என்ற கொள்கை குஞ்சுகளுக்குப் பொருந்தாது. அவை பசித்தால் தட்டை நாடமாட்டா, பக்கத்துக் குஞ்சை நாடும்.

யாவும் விழுதை உண்ணத் தொடங்கிய பின், கடையில் விற்கும் மீன் தீவனத்தைப் பொடித்து அதிற் சேர்க்க. பத்துப் பங்கு விழுதில் ஒரு பங்கைக் குறைத்து, அதற்கு ஈடாக ஒரு பங்கு பொடி சேர்த்துப் பிசைக. வியட்நாமிற் செய்த சோதனைகளில், பொரித்து மூன்றாம் வாரத்திலுள்ள குஞ்சுகளுக்கு நாள்தோறும் இவ்வாறு பத்திலொரு பங்கு மாற்றியும் நற்பலன் கிடைத்தது. வீட்டுத் தொட்டியில் அவ்வளவு விரைவு வேண்டியதில்லை. மூன்று நாளுக்கு ஒரு பங்கு மாற்றினால் ஒரு மாதத்தில் மாற்றம் முடியும். இடையில் ஒரு வேளை உண்ணாது விட்டால் முன்னைய கலவைக்குத் திரும்பி, இரண்டு நாள் பொறுத்து மேலே செல்க. இறுதியில் மிதக்கும் குறுணைத் தீவனத்தை, மீன் அவித்த நீரிற் சிறிது ஊறவிட்டு இடலாம். குறுணை குஞ்சின் வாயளவிலும் சிறிதாயிருத்தல் வேண்டும். நீரில் விழும்போது அதுவும் சற்று அசையும், அவ்வசைவே போதுமானது.

தீவனம் வாங்குகையில் புரதத்தின் அளவைப் பார்க்க. ஊனுண்ணும் இம்மீனின் குஞ்சுகளுக்கு நூற்றுக்கு 40 பங்குக்குக் குறையாத புரதம் வேண்டும். கோழித்தீவனத்தில் அதன் பாதியளவே இருத்தலால், அதனை மலிவென்று வாங்கியிடுதல் வீண்செலவு. தவிடு கலவையை ஒட்டச் செய்வதற்குச் சிறிதளவு சேரலாம். அதனையே உணவாகக் கொள்ளும் குடல் விராலுக்கு இல்லை.

இட்ட உணவில் கால் மணி நேரத்தில் உண்ணாததை எடுத்தெறிக. காற்றைச் சுவாசிக்கும் மீனாதலால் அழுக்கு நீரிலும் வாழும் என்று அசட்டையாயிருப்போர் பலர். மூச்சுக்குக் குறைவில்லை என்பது மெய்யே. ஆயினும் அழுகிய உணவிலிருந்து உண்டாகும் நஞ்சு அதன் தோலையும் செவுளையும் கெடுக்கும், முதலிற் கெடுவது பசியே. வாரத்தில் இரு முறையேனும் கால்பங்கு நீரை மாற்றுக. மாற்றிய நீர் கத்தரிக்கும் மிளகாய்க்கும் நல்ல பசளை.

வயலில் அகப்பட்ட ஓரடி நீள விராலைப் பழக்குதல் வேறு கதை. அது வாரக்கணக்கில் உண்ணாது கிடந்தும் உயிர்தாங்கும். மனிதரைக் கண்டால் மூலையில் ஒடுங்கும். தொட்டியின் பாதியை ஓலையால் மூடி இருளாக்கி, மாலையில் மட்டும் மண்புழுவொன்றை நூலிற் கட்டி ஆட்டிக் காட்டுக. அதனை ஏற்றால், அடுத்து மீன்துண்டை அவ்வாறே ஆட்டுக. பின்னர் ஆட்டாது விடுக. சில மீன்கள் ஒருபோதும் இணங்கா. அவற்றை வைத்து வருத்துவதிலும் பிடித்த நீரிலேயே விட்டுவிடுதல் மேல்.

பழகிய குஞ்சுகளைப் பத்து நாளுக்கொருமுறை அளவுவாரியாகப் பிரித்து வைத்தல் வேண்டும். தன் நீளத்திற் பாதியுள்ள மற்றொன்றை விரால் எளிதாக விழுங்கும். வயிறார உணவிட்டாலும் அளவு வேறுபட்டால் இது நிகழும். பிரித்தெடுத்தவற்றில் நன்கு உண்ணும் இரண்டு மூன்றை, அடுத்து வரும் புதிய குஞ்சுகளின் தொட்டியில் அதே அளவு பார்த்து விடலாம். அவை தட்டின்மேற் பாய்வதைக் கண்டு மற்றவையும் பாயும். முதற்றொகுதிக்குச் சென்ற நாட்களிற் பாதி இத்தொகுதிக்குச் செல்லாது.